ஒரே ஃபார்ம், பிரவுசருக்கு ஒரு கோலம்: வாசகர் கேள்வி-பதில்

இந்த இதழில் வெப் ஃபார்ம் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். எல்லாமே கேரள எல்லைப் பக்கத்திலிருந்து வந்தவை. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கட்டளைகளைப் படிக்கும் ஒலியில் தமிழில் அச்சிட்டிருக்கிறோம். கோப்பில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊர்ப் பால் சங்கத்துக்கு உறுப்பினர் சேர்க்கை ஃபார்ம் ஒன்று செய்தேன். பெயர், முகவரிப் பெட்டிகளுக்கு சைஸ் 30 என்று கொடுத்திருந்தேன். குரோமில் ஓர் அகலம், ஃபயர்பாக்ஸில் வேறு அகலம். அதை எடுத்துவிட்டு விட்த் 100% போட்டால் பெயர்ப் பெட்டி வலப்பக்கம் கோட்டைத் தாண்டி நிற்கிறது. கீழே இருக்கும் ஊர்ப் பட்டியல் செலக்ட் பெட்டி மட்டும் ஒழுங்காக இருக்கிறது. பழைய பக்கத்தில் இந்தத் தொல்லையே இல்லை.
— கணினிப் பயிற்சி ஆசிரியர், கொழிஞ்சாம்பாறை

பதில்: இதில் மூன்று சிக்கல்கள் பின்னிக்கிடக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

சைஸ் 30 என்பது அகலம் அல்ல. சுமார் 30 எழுத்துக்கு இடம் விடு என்று சொல்வது. அதைப் பிக்சலாக மாற்ற, பெட்டிக்குள் இருக்கும் எழுத்துருவின் சராசரி எழுத்து அகலத்தை பிரவுசர் கணக்கில் எடுக்கிறது. பக்கம் முழுவதையும் அடக்கும் பாடி டேகுக்கு நீங்கள் கொடுத்த எழுத்துரு பெட்டிக்குள் தானாக இறங்காது. இன்புட், செலக்ட், டெக்ஸ்ட்ஏரியா, பட்டன் நான்குக்கும் பிரவுசர் தன் சொந்த எழுத்துருவைப் போடும். டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் 13.33 பிக்சல். எந்த எழுத்துரு என்பது பிரவுசரையும் விண்டோஸா மேக்கா என்பதையும் பொறுத்து மாறும். எழுத்துரு மாறினால் சராசரி அகலம் மாறும், பெட்டியும் மாறும்.

அடுத்தது, கோட்டைத் தாண்டும் பெட்டி. டெக்ஸ்ட் பெட்டியில் விட்த் என்றால் உள்ளே எழுத்து நிற்கும் இடம் மட்டும். எழுத்தைச் சுற்றி விடும் இடமான பேடிங்கும் சுற்றுக்கோடான பார்டரும் அதற்கு வெளியே கூடும். செலக்ட்டிலும் பட்டனிலும் விட்த் என்றால் பார்டர் வரைக்குமான மொத்தம். சுற்றுப் பெட்டி 320 பிக்சல், பேடிங் இரு பக்கமும் 12, பார்டர் இரு பக்கமும் 1 என்று வையுங்கள். செலக்ட் 320-இல் நிற்கும். பெயர்ப் பெட்டி 320 + 24 + 2 = 346 ஆகி, 26 பிக்சல் வெளியே நீட்டும். எந்த பிரவுசரின் பிழையும் இல்லை இது. எச்டிஎம்எல் தரநிலையே அப்படித்தான் சொல்கிறது.

பழைய பக்கத்தில் இது ஏன் வரவில்லை? அதன் முதல் வரியில், பக்கத்தைத் தரநிலைப்படி வரை என்று பிரவுசருக்குச் சொல்லும் டாக்டைப் இருந்திருக்காது. டாக்டைப் இல்லாத பக்கத்தை பிரவுசர் 'குவிர்க்ஸ் மோட்' என்ற பழைய பாணியில் வரையும். அந்தப் பாணியில் டெக்ஸ்ட் பெட்டிக்கும் பார்டர் வரைக்குமான கணக்குதான். சந்தேகம் இருந்தால் எஃப்12 அழுத்தி, கன்சோலில் டாக்குமென்ட்.காம்பட்மோட் என்று அடியுங்கள். பேக்காம்பட் என்று வந்தால் குவிர்க்ஸ். டாக்டைப் போட்டதும் ஃபார்ம் உடைந்துவிட்டது என்று அதைத் திரும்ப எடுத்துவிடுகிறவர்கள் உண்டு; அப்படிச் செய்யாதீர்கள், வேறு இடத்தில் உதைக்கும்.

மருந்து ஒன்றுதான். இன்புட், செலக்ட், டெக்ஸ்ட்ஏரியா, பட்டன் நான்கையும் சேர்த்து ஒரே விதியில் பாக்ஸ்-சைஸிங்: பார்டர்-பாக்ஸ், ஃபான்ட்: இன்ஹெரிட், மார்ஜின்: 0 என்று எழுதுங்கள். சைஸை எடுத்துவிட்டு விட்த் 100%, மேக்ஸ்-விட்த் 24இஎம் (அதாவது எழுத்து அளவைப்போல 24 மடங்கு) கொடுங்கள். ஆனால் விட்த் 100% என்பதை இன்புட் என்று பொதுவாக எழுதினால் செக்பாக்ஸும் ரேடியோவும் வரி முழுக்க நீண்டு, பக்கத்து எழுத்தைக் கீழே தள்ளிவிடும். அவை இரண்டையும் 'இது தவிர' என்று சொல்லும் :நாட் போட்டு விலக்குங்கள். டெக்ஸ்ட்ஏரியாவுக்கு அடியில் நாலைந்து பிக்சல் வெற்றிடம் தெரிந்தால், அது வரிக்குள் நிற்கும் எழுத்தைப்போல பேஸ்லைனில் உட்கார்ந்திருப்பதால் வருவது. டிஸ்ப்ளே: பிளாக் போட்டால் போய்விடும்.

இதன் பிறகும் வேறுபாடு தெரிந்தால், இரண்டு பிரவுசரிலும் அதே பெட்டியை இன்ஸ்பெக்ட் செய்து, கம்ப்யூட்டட் பலகையில் ஃபான்ட்-ஃபேமிலி, ஃபான்ட்-சைஸ், லைன்-ஹைட், பேடிங், பார்டர் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த எண் மாறுகிறதோ அதை நீங்கள் சொல்லவில்லை என்று அர்த்தம். நாம் சொல்லாமல் விட்டதை பிரவுசர் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்கிறது. ஃபயர்பாக்ஸுக்கு ஒரு சிஎஸ்எஸ், குரோமுக்கு ஒரு சிஎஸ்எஸ் என்று தனித்தனியாக எழுதும் வழக்கத்தை இங்கேயே விட்டுவிடலாம்.

கேள்வி: ஹோம்ஸ்டே ஒன்றின் அறை முன்பதிவு ஃபார்ம். ஆண்ட்ராய்டில் அருமையாக இருக்கிறது. ஐபோனில் பெயர்ப் பெட்டியைத் தொட்டதும் பக்கமே பெரிதாகிவிடுகிறது, தட்டி முடித்தும் பழையபடி சுருங்குவதில்லை. வருகைத் தேதிப் பெட்டி காலியாக இருக்கும்போது ஒல்லியாகச் சுருங்கிக்கிடக்கிறது. சஃபாரி கோளாறாக இருக்கும் என்று ஐபோனிலேயே குரோம் போட்டுப் பார்த்தோம். அதே கதை.
— வாசகர், குமுளி

பதில்: ஐபோனில் குரோம் போட்டுச் சோதித்ததில் பயன் இல்லை. நம் நாட்டில் கிடைக்கும் ஐபோன் பிரவுசர்கள், பெயர் குரோமானாலும் ஃபயர்பாக்ஸானாலும், உள்ளே பக்கத்தை வரைவது சஃபாரியின் வெப்கிட் எஞ்சின்தான். விண்டோஸ் பக்கமும் இப்படி ஒரு மாயை உண்டு: குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ் நான்கிலும் சோதித்தேன் என்பார்கள், நான்கும் ஒரே பிளிங்க் எஞ்சின். எட்ஜ் 2020 ஜனவரியிலேயே அந்தப் பக்கம் வந்துவிட்டது. உண்மையில் சோதிக்க வேண்டியவை மூன்று: பிளிங்க், ஃபயர்பாக்ஸின் கெக்கோ, ஐபோனின் வெப்கிட்.

பக்கம் பெரிதாவதற்குக் காரணம் எழுத்து அளவு. பெட்டிக்குள் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால், படிக்கச் சிரமமாயிருக்கும் என்று ஐபோன் தானே ஜூம் செய்கிறது. செலக்ட் உட்பட எல்லாப் பெட்டிக்கும் 16 பிக்சலோ அதற்கு மேலோ கொடுங்கள். பக்கத்தின் அடிப்படை எழுத்து அளவின் மடங்கான ரெம் அலகில் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எச்டிஎம்எல்லுக்கு 62.5% எழுத்து அளவு வைக்கும் வழக்கம் இருந்தால் 1ரெம் என்பது 10 பிக்சல், 1.4ரெம் போட்ட பெட்டி 14 பிக்சலில் நிற்கும், ஜூம் ஆகும். பக்கத்தைத் திரையில் எப்படிப் பொருத்துவது என்று சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேகில் மேக்ஸிமம்-ஸ்கேல்=1 போட்டு அடக்கச் சொல்லும் யோசனை எங்கும் கிடைக்கும். கண் பார்வை குறைந்த விருந்தாளி ஆண்ட்ராய்டில் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதையும் அது தடுத்துவிடும். வேண்டாம்.

தேதிப் பெட்டியை ஐபோன் தன் பாணியில் வரைகிறது. உள்ளே மதிப்பு இல்லையென்றால் உயரம் சுருங்கும், சில பதிப்புகளில் அகலம் சட்டத்தைத் தாண்டும். தேதி வகை இன்புட்டுக்கு மட்டும் தனி விதி எழுதி -வெப்கிட்-அப்பியரன்ஸ்: நன், அப்பியரன்ஸ்: நன், விட்த் 100%, மின்-விட்த் 0, மின்-ஹைட் 44 பிக்சல் கொடுங்கள். உள்ளே தேதி நடுவில் நின்றால், ::-வெப்கிட்-டேட்-அண்ட்-டைம்-வேல்யூ என்பதற்கு டெக்ஸ்ட்-அலைன்: லெஃப்ட்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம், முன்பதிவில் இது காசு விஷயம். தேதிப் பெட்டி காட்டும் வரிசை பயனரின் மொழி, வட்டார அமைப்பைப் பொறுத்தது. அமெரிக்க ஆங்கிலம் வைத்த கணினியில் மாதம் முதலில் வரும். இந்திய ஆங்கிலத்தில் நாள் முதலில். 05/06 என்று திரையில் பார்த்து ஒருவர் ஜூன் 5 என்பார், இன்னொருவர் மே 6 என்பார். சிஎஸ்எஸ்ஸால் இதை மாற்ற முடியாது. சர்வருக்குப் போகும் மதிப்பு மட்டும் எங்கிருந்தாலும் ஆண்டு-மாதம்-நாள் வரிசைதான். ஆகவே பெட்டிக்கு அடியில், தேர்ந்த தேதியை "2026 ஜூன் 5, வெள்ளி" என்று எழுத்தில் காட்டும் ஒரு வரியைச் சேருங்கள்.

கேள்வி: எங்கள் பிரவுசிங் சென்டரில் பாதி சிஸ்டம் இன்னும் விண்டோஸ் 7. தம்பி ஒருவர் செய்துகொடுத்த விண்ணப்ப ஃபார்ம் புது லேப்டாப்பில் இரண்டு பத்தியாக அழகாக வருகிறது. பழைய சிஸ்டங்களில் லேபிள் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம், நிறமும் இல்லை. கேஷ் அழித்துப் பார்த்தாயிற்று.
— சென்டர் பொறுப்பாளர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: கேஷைக் குறை சொல்லிப் பயனில்லை. முகவரிப் பட்டையில் குரோம்://வெர்ஷன் என்று அடித்துப் பாருங்கள்; 109 என்று வரும். விண்டோஸ் 7-க்கும் 8.1-க்கும் குரோமின் கடைசிப் பதிப்பு அதுதான், 2023 தொடக்கத்தில் வந்தது. ஃபயர்பாக்ஸ் வைத்திருந்தால் 115 வரிசை.

தம்பி சிஎஸ்எஸ்ஸை நெஸ்டிங் முறையில், ஒரு விதிக்குள் இன்னொரு விதியாக எழுதியிருப்பார். அது குரோமில் 112-இலிருந்தும் ஃபயர்பாக்ஸில் 117-இலிருந்தும்தான் புரியும். உங்கள் இரண்டு பிரவுசரும் அதற்கு முந்தியவை. புரியாததைப் பிழை காட்டாமல் தாண்டிப்போவது சிஎஸ்எஸ்ஸின் குணம். ஆனால் தாண்டும்போது உள்விதியோடு நிற்காது. அதை அடுத்து வரும் வரியையும் அரைப்புள்ளி வரை விழுங்கிவிடும். நிறம் சில இடத்தில் இருந்து சில இடத்தில் போவது அதனால்தான்.

தம்பியிடம் சொல்ல வேண்டியது: விதிகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் முழுப் பெயரோடு தட்டையாக எழுதச் சொல்லுங்கள். மூலத்தை நெஸ்டிங்கிலேயே வைத்துக்கொள்ள விரும்பினால், சாஸ் அல்லது லைட்னிங் சிஎஸ்எஸ் என்ற மாற்றுக் கருவி வழியாகத் தட்டையாக்கி ஏற்றலாம். லைட்னிங்கில் குறி பதிப்பு குரோம் 109, ஃபயர்பாக்ஸ் 115 என்று வைக்க வேண்டும். உள்கட்டத்தை வெளிக்கட்டத்தின் பத்திகளோடு நேராக நிறுத்தும் சப்கிரிட் பயன்படுத்தியிருந்தால் அதையும் எடுக்கச் சொல்லுங்கள். ஃபயர்பாக்ஸ் 71-இலேயே அது உண்டு, குரோமில் 117-இல்தான் வந்தது; ஆக உங்கள் சென்டரிலேயே ஒரே சிஸ்டத்தில் ஃபயர்பாக்ஸில் லேபிள்கள் நேராகவும் குரோமில் கோணலாகவும் தெரியும். லேபிள் பத்திக்கு 12இஎம் என்று நிலையான அகலம் கொடுத்தால் சப்கிரிட் தேவையே இல்லை.

வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய போன்களில் இன்னொரு வினை. ஐபோன் 6, ஐஓஎஸ் 12-க்கு மேல் ஏறாது. பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃபிளெக்ஸில் கேப் என்ற இடைவெளி சஃபாரிக்கு 14.1-இல்தான், 2021-இல் வந்தது. அந்தப் போனில் பெட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 'இந்தக் கட்டளை உனக்குத் தெரியுமா' என்று பிரவுசரைக் கேட்கும் @சப்போர்ட்ஸ் போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கட்டங்களாக அடுக்கும் கிரிட்டில் கேப் தெரியும் என்பதால் "ஆம்" என்றே பதில் சொல்லும். இடைவெளியை, பெட்டிக்கு வெளியே விடும் இடமான மார்ஜினாகக் கொடுப்பதே வழி.

விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று வருடங்களாகின்றன. ஆதாரும் வங்கிக் கணக்கும் அடிக்கும் சிஸ்டங்களை முதலில் மாற்றப் பாருங்கள். ஃபார்ம் அதற்கு அடுத்தது.

கேள்வி: தமிழ், மலையாளம் இரண்டிலும் லேபிள் போட்ட ஃபார்ம். என் விண்டோஸில் சரி. மேக்கிலும் போனிலும் வரிசைகளின் உயரம் ஒன்றுக்கொன்று மாறுகிறது, பெட்டிக்குள் 'கூ', 'ரு' போன்ற எழுத்துகளின் அடி வெட்டுப்படுகிறது. பெட்டிகளுக்கு ஹைட் 28 பிக்சல் வைத்திருக்கிறேன். நீளமான பெயர்களை முழுதாக அடிக்கவும் முடிவதில்லை.
— ஆசிரியை, தேவிகுளம்

பதில்: நீங்கள் எழுத்துரு எதுவும் சொல்லாதபோது விண்டோஸ் நிர்மலா யுஐ-யை எடுக்கும், மேக்கும் ஐபோனும் தமிழ் சங்கம் எம்என் எடுக்கும், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழ். ஒவ்வொன்றும் எழுத்துக்கு மேலும் கீழும் விடும் இடம் வேறு. லைன்-ஹைட்டை நார்மல் என்று விட்டால் அந்த இடம்தான் வரியின் உயரத்தை முடிவு செய்யும். ஆகவே எழுத்துரு மாறினால் வரிசை மாறும். மலையாளத்தில் பழைய லிபி எழுத்துருவாக இருந்தால் கூட்டெழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வரும், இன்னும் ஆழம் கேட்கும்.

வெட்டுப்படுவதற்கு உங்கள் ஹைட் 28 பிக்சல்தான் காரணமாக இருக்கும். மேலும் கீழும் பேடிங் 8, பார்டர் 1 என்றால் 28-இல் 18 போய்விடும். எழுத்து நிற்க மிச்சம் 10 பிக்சல். ஆங்கிலம் அடித்துப் பார்த்துவிட்டு "சரியாக இருக்கிறதே" என்று விட்டுவிடுவது இங்கேதான் கவிழ்க்கும். சோதிக்கும்போது 'ஸ்ரீரங்கூர்' மாதிரி மேலும் கீழும் நீளும் ஒரு சொல்லை அடித்துப் பாருங்கள். ஹைட்டை அடியோடு நீக்கி மின்-ஹைட் 44 பிக்சல், பேடிங் 8 பிக்சல், லைன்-ஹைட் 1.6 கொடுங்கள். லேபிளுக்கும் அதே 1.6. எல்லாக் கருவியிலும் ஒரே முகம் வேண்டுமென்றால் நோட்டோவின் தமிழ், மலையாளக் கோப்புகளை வோஃப்2 என்ற இணைய எழுத்துரு வடிவில் உங்கள் தளத்திலேயே வைத்து, எந்தக் கோப்பு எந்த எழுத்துகளுக்கு என்று சொல்லும் யூனிகோட்-ரேஞ்ச் எழுதிப் பிரித்துவிடுங்கள். எந்த மொழி பக்கத்தில் உண்டோ அந்தக் கோப்பு மட்டும் இறங்கும். எஸ்டேட் பக்கம் சிக்னல் மெலிதாக இருக்கும் இடங்களுக்கு இது உதவும்.

பட்டனையும் பாருங்கள். 'அனுப்பு' என்பதற்கு அளந்து 90 பிக்சல் வைத்த பட்டனில் மலையாளத்தின் 'சமர்ப்பிக்குக' அடங்காது. இன்புட் வகை சப்மிட் என்றால் எழுத்தை இரண்டு வரியாக மடிக்காது. பட்டன் டேக் மடிக்கும். அகலத்தை விட்டுவிட்டு இரு பக்கமும் 20 பிக்சல் பேடிங் கொடுத்தால் பட்டன் சொல்லுக்குத் தக்கபடி நீளும்.

பெயர் முழுதாக ஏறாததற்கு, பெட்டியில் எவ்வளவு ஏறலாம் என்று வரம்பு வைக்கும் மேக்ஸ்லெங்த் காரணம். அது நாம் எண்ணுவதுபோல எழுத்தை எண்ணாது, யூனிகோட் குறியீட்டை எண்ணும். காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. பாலகிருஷ்ணன் என்பது நமக்கு 7 எழுத்து, பிரவுசருக்கு 12. சேமிக்கும் இடம் பைட் கணக்கில் இருந்தால் யுடிஎஃப்-8-இல் 36. ஆங்கிலப் பெயருக்கு 25 போதும் என்று வைத்தவர்கள் தமிழுக்கு 80-ஆவது விட வேண்டும். டேட்டாபேஸ் பத்தியையும் அதற்கேற்ப அகலமாக்க மறக்காதீர்கள்.

கேள்வி: ஃபீல்ட்செட் சட்டத்துக்குள் வைத்த பெட்டிகள் மட்டும் போனில் திரைக்கு வெளியே போகின்றன. மேக்ஸ்-விட்த் 100% கேட்கவே மாட்டேன் என்கிறது.
— வாசகர், பாறசாலை

பதில்: ஃபீல்ட்செட்டுக்கு பிரவுசர் தானாகவே மின்-விட்த்: மின்-கன்டென்ட் வைத்திருக்கிறது. உள்ளே இருப்பதில் அகலமானது எதுவோ, அதைவிடக் குறுகாது. செலக்ட்டில் ஒரு நீளமான அலுவலகப் பெயர் இருந்தாலே போதும். ஃபீல்ட்செட்டுக்கு மின்-விட்த்: 0, உள்ளிருக்கும் செலக்ட்டுக்கு விட்த்: 100%. ஃபிளெக்ஸ் வரிசைக்குள் நிற்கும் இன்புட் சுருங்க மறுத்தாலும் இதே மின்-விட்த்: 0 தான் மருந்து. சட்டத்துக்குத் திரை அகலம் முழுவதும் என்று பொருள்படும் விட்த் 100விடபிள்யூ கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள். விண்டோஸில் ஸ்க்ரோல்பாரின் அகலமும் அதில் சேர்ந்து, பக்கம் இடம்-வலமாக ஆடும்.

கேள்வி: கீழே ஒட்டி நிற்கும் 'அடுத்து' பட்டன் முன்பு கீபோர்டு வந்தால் அதன் மேலே ஏறி நிற்கும். இப்போது ஆண்ட்ராய்டிலும் கீபோர்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.
— வாசகர், மூணாறு

பதில்: குரோம் 108-இல் மாறியது இது. அதற்கு முன் கீபோர்டு வந்தால் பக்கத்தின் உயரமே சுருங்கும். இப்போது பக்கம் அப்படியே இருக்க, கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டும் சுருங்குகிறது. ஐபோன் முன்பிருந்தே அப்படித்தான். வியூபோர்ட் மெட்டாவில் இன்டராக்டிவ்-விட்ஜெட்=ரிசைசஸ்-கன்டென்ட் சேர்த்தால் ஆண்ட்ராய்டு குரோமில் பழைய நடத்தை திரும்பும். ஐபோனை நம்பி அதை விட முடியாது. எங்களைக் கேட்டால், ஃபார்மில் ஒட்டுப் பட்டனே வேண்டாம்; கடைசிப் பெட்டிக்கு அடியில் சாதாரணமாக வையுங்கள். உயரத்துக்குத் திரை முழுவதும் என்று பொருள்படும் 100விஎச் போட்டிருந்தால், அதே வரிக்கு அடியில், அப்போது தெரியும் உயரத்துக்குத் தக்கபடி மாறும் 100டிவிஎச் என்று இன்னொரு வரி எழுதுங்கள். புரிந்த பிரவுசர் இரண்டாவதை எடுக்கும், புரியாதது முதலாவதோடு நிற்கும்.

கேள்வி: பின்கோடு, செல் எண், வங்கிக் கணக்கு எண் பெட்டிகளுக்கு நம்பர் வகை போட்டேன். சிலவற்றில் மேல்-கீழ் அம்பு தெரிகிறது, சிலவற்றில் இல்லை. கணக்கு எண்ணின் முதல் பூஜ்யம் காணாமல் போகிறது.
— வாசகர், மீனாட்சிபுரம், பாலக்காடு மாவட்டம்

பதில்: கூட்டிக் கழிக்கப்போகும் எண்ணுக்குத்தான் நம்பர் வகை. கணக்கு எண்ணை யாரும் கூட்டப்போவதில்லை. நம்பர் வகையில் மேக்ஸ்லெங்த் வேலை செய்யாது, மவுஸ் சக்கரம் உருண்டால் மதிப்பே மாறக்கூடும், ஸ்கிரிப்ட் அதை எண்ணாக எடுத்தவுடன் முன்னால் நிற்கும் பூஜ்யம் உதிரும். டைப்=டெக்ஸ்ட், இன்புட்மோட்=நியூமெரிக் என்று மாற்றுங்கள்; போனில் எண் கீபோர்டு வரும், அம்பும் இருக்காது. பின்கோடுக்கு, எந்த வடிவில் அடித்தால் ஏற்கலாம் என்று சொல்லும் பேட்டர்ன் ஆறு இலக்கம், முதல் இலக்கம் 1 முதல் 9 வரை. வங்கிக் கிளைக் குறியீடான ஐஎஃப்எஸ்சி 11 இடம், அதில் ஆங்கில எழுத்தும் கலந்து வரும்; அதற்கு இன்புட்மோட் வேண்டாம், ஆட்டோகேபிடலைஸ்=கேரக்டர்ஸ் போட்டால் போன் தானாகப் பெரிய எழுத்தில் அடிக்கும். லேப்டாப் கீபோர்டில் அது செல்லாது. சர்வரில் வாங்கும்போதே பெரிய எழுத்தாக மாற்றிக்கொள்ளுங்கள்.